வழக்குக்கு வெளியே ஒரு வீடு

நீதிமன்றத்து ஆள் வந்த அன்று கடல் வெகுதூரம் இறங்கியிருந்தது. நோல்ஃபா முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, பாறைகளுக்கிடையே குனிந்து விற்பதற்கான சிவப்புப் பாசியைப் பிடுங்கிச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். கோடை மாதமான பிப்ரவரியிலும்கூட லிங்குவேயில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடிப்பது அபூர்வம். கரையில் கூழாங்கல் மேல் நேற்றுப் பரப்பிய பாசி சுருங்கிக் கறுத்து நல்ல பதத்துக்கு வந்திருந்தது. வடக்குக் காற்று எழும்புவதற்குள் வாரிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பில் இருந்தவள், படகோட்டி அர்த்தெமியோவின் லாஞ்சு தூரத்திலேயே தரைதட்டி நிற்பதை நிமிர்ந்து பார்த்தாள்.

அர்த்தெமியோ ஒரு மனிதரை முதுகில் உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்து வந்தான். மேலே இருந்தவர் பட்டணத்துச் சப்பாத்தோடு, ஒரு தோல் பையைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார். பாதி வழியில் அர்த்தெமியோவுக்குக் கால் வழுக்கிற்று. பை தப்பித்தது, மனிதர் தப்பிக்கவில்லை.

"ரோசமேல் சிகுவாய், நோல்ஃபா ராயின். இங்க யாரு அவங்க?" என்று சேற்றில் நின்றபடியே அவர் கேட்டார்.

நோல்ஃபாவின் கையிலிருந்து சாக்கு நழுவியது. வெளியூரிலிருந்து அந்தக் கரைக்குத் தாள் வந்தால் சாவுச் சேதிதான். மகள் மிர்த்தா தெற்கே பூந்தா அரேனாஸில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்தாள்.

"யாரு செத்துட்டா? சீக்கிரம் சொல்லுங்க."

"யாரும் சாகலம்மா. வழக்கு."

"எங்க மேலயா?"

"இல்ல. பாரியா குடும்பத்து அக்காவும் தம்பியும் ஒருத்தர் மேல ஒருத்தர் நடத்துறாங்கல்ல, அது. உங்களுக்குத் தெரியப்படுத்தச் சொல்லி உத்தரவு."

"அது நடக்கறது இந்தத் தீவுல கோழிக்குக்கூடத் தெரியும். இதச் சொல்லவா சேத்துல உருண்டு வந்தீங்க?" என்றாள் நோல்ஃபா. சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

வந்தவரை நனைய விட்டுப் பேசுவது வழக்கமில்லை. அடுப்படிக்குக் கூட்டிப்போய், அவருடைய காலுறைகளை விறகடுப்புக்கு மேலிருந்த கம்பியில் காயப் போட்டாள். பன்றிக்கொழுப்பு வைத்துச் சுட்ட உருளைக்கிழங்கு அடை இரண்டு எடுத்து வைத்தாள். அவள் கணவன் ரோசமேல் மாடுகளைக் கட்டிவிட்டு இடது காலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தான். ஒரு காலத்தில் அவன் முக்குளிப்பவன். பதினொரு வருடத்துக்கு முன் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் அந்தக் கால் பாதி செத்துப்போயிற்று.

மனிதர் அடையைத் தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாசித்தார். தம்பி எவாரிஸ்தோ பாரியாவின் பதில் மனுவில், கரையோரத் துண்டு நிலத்தில் ரோசமேலும் நோல்ஃபாவும் தன் காவலாட்களாகக் குடியிருக்கிறார்கள் என்று இருந்தது. அக்கா ஃபிதேலியா பாரியாவின் மனுவில், அதே துண்டில் அதே இருவர் தன் தயவில் தங்கியிருக்கிறார்கள் என்று இருந்தது.

"நாங்க யாருன்னு எங்களத் தவிர மத்த எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு" என்றாள் நோல்ஃபா.

"அதுக்குத்தான் இந்த அறிவிப்பு. உங்களுக்கும் இதுல பாத்தியதை இருந்தா வந்து சொல்லலாம். குறிச்ச நாளுக்குள்ள ஒண்ணும் சொல்லலேன்னா, கடைசில என்ன தீர்ப்பு வருதோ அது உங்களையும் கட்டும்."

"வந்து சொன்னா?" என்றான் ரோசமேல்.

"அப்பவும் கட்டும். ஆனா உங்க பேச்சக் கேட்டுட்டுக் கட்டும்."

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர் காயாத காலுறைகளைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அதற்குள் வடக்குக் காற்று எழும்பிவிட்டது. வெளியே பரப்பியிருந்த பாசி முழுவதும் மழையில் ஊறிற்று.

அந்தத் துண்டு நிலம் நோல்ஃபா குடும்பத்துக்கு வந்த விதம் லிங்குவேயில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். இருபத்து மூன்று வருடத்துக்கு முன், பாரியா அக்கா தம்பியின் தகப்பனார் தோன் செகுந்தோவுக்கு ஒரு பாய்மரப் படகு தேவைப்பட்டது. ரோசமேலிடம் தகப்பன் விட்டுப்போன படகு இருந்தது; நிலம் இல்லை. ஓடை தொடங்கி வேலிக்கு வைத்த கருமுள் புதர் வரை உன்னுடையது என்று கிழவர் கையால் காட்டினார், படகை வாங்கிக்கொண்டார், எல்லாரும் ஆப்பிள் சிச்சா மது குடித்தார்கள். எழுதிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. கிழவரின் வாய்ச்சொல்லை எழுதிக் கேட்பது அவரை அவமானப்படுத்துவதாக இருந்திருக்கும். கிழவர் போய்விட்டார். படகும் ஒரு புயலில் போய்விட்டது.

கிழவர் செத்த பிறகு எவாரிஸ்தோ மேட்டையும் ஃபிதேலியா கீழ்ப்பகுதியையும் வைத்துக்கொண்டு ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். கரையோரத் துண்டு யாருடைய பங்கு என்று அதுவரை இருவரும் கேட்டதில்லை. சால்மன் வளர்க்கும் கம்பெனி ஒன்று அந்த வளைகுடாவில் படகுத்துறை கட்ட இடம் கேட்டு வந்த பிறகுதான் இருவருக்கும் ஒரே வாரத்தில் தகப்பன் ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எவாரிஸ்தோ ஓர் ஆட்டுக்கால் சந்தோடு வந்தார். மிர்த்தாவுக்கு ஞானஸ்நானத்தில் தொட்டுக்கொண்ட ஞானத்தந்தை அவர். அந்த உறவில் அவரும் ரோசமேலும் கொம்பாத்ரே, அவர் மனைவி ஒத்தீலியாவும் நோல்ஃபாவும் கொமாத்ரே. பெரிய சிரிப்பும் பெரிய தொப்பியும் உள்ள மனிதர்.

"ஒரே ஒரு வார்த்தை, கொமாத்ரே. நாங்க எவாரிஸ்தோ ஆளுங்கன்னு நீதிபதிகிட்டச் சொல்லிட்டு வந்துருங்க. அப்புறம் நீங்க பாட்டுக்கு இருங்க. யாரு கேக்கப் போறா?"

"எத்தன நாளைக்கு இருக்கறது?"

"இதென்ன கேள்வி! என் உயிர் இருக்கற வரைக்கும்."

"உங்களுக்கு அறுபத்தெட்டாச்சு, கொம்பாத்ரே."

எவாரிஸ்தோ வாய்விட்டுச் சிரித்தார். ரோசமேலும் சிரித்தான். நோல்ஃபா ஆட்டுக்காலை உப்பில் போட்டாள்.

ஃபிதேலியா வரவில்லை. மாவு வாங்கக் கடைக்குப் போனபோது அவளே கல்லாவை விட்டு எழுந்து வந்து, மாத்தே கசாயத்தைக் குழல் போட்டு நீட்டினாள். ஒடுங்கிய உடம்பு, விதவை. லிங்குவேயின் ஒரே கடை அவளுடையது. ஒரே தொலைபேசியும் அந்தக் கடையில்தான் இருந்தது. மாதம் ஒரு முறை மிர்த்தா அதில்தான் கூப்பிடுவாள். ரோசமேல் கால் செத்து, வாயில் நுரை தள்ளி மேலே வந்த அன்று, யாரும் கடலில் இறங்கத் துணியாத காற்றில் தன் சொந்த லாஞ்சை எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் ஃபிதேலியா.

"நான் எதையும் ஞாபகப்படுத்தல, நோல்ஃபா. அப்படிப்பட்டவ நான் இல்ல" என்றாள் ஃபிதேலியா.

"தெரியும், தோன்யா ஃபிதேலியா."

"எங்க அப்பன் நிலத்துல என் தயவுல இருக்கோம்னு சொல்றதுல உனக்கு என்ன கொறஞ்சுபோகுது? ரோசமேல் நடமாடறதே யாரு தயவுல?"

ஞாபகப்படுத்த மாட்டேன் என்று சொல்லி ஒரு மாத்தே குடித்து முடிவதற்குள் ஞாபகப்படுத்திவிட்டாள். நோல்ஃபா மாவுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்பும்போது, அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே என்று நினைத்துக்கொண்டாள். எவாரிஸ்தோவும் பொய்யர் இல்லை. மிர்த்தா பள்ளிக்கூடம் போன அத்தனை வருடமும் அவளுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தவர் அவர். இருவருக்கும் இவர்கள் பட்ட கடன் நிஜம். அந்த நிலமும் நிஜம்.

குறித்த நாளுக்கு நான்கு நாள் முன்னதாகப் பட்டணத்துக்குப் போனார்கள். இலவச சட்ட உதவி அறையில் இங்கிரித் என்ற இளம் வக்கீல் பெண் இருந்தாள். மேசைக்கு அடியில் மண்ணெண்ணெய்க் கணப்பை வைத்துக்கொண்டு, கோட்டைக் கழற்றாமலே வேலை செய்தாள். தாளை இரண்டு முறை படித்தாள்.

"செனோரா நோல்ஃபா, அடுத்தவங்க வழக்குக்குள்ள வெளியாள் நுழைய மூணு வழி இருக்கு. தம்பி பக்கம் சேர்ந்து அவருக்குத் துணையா நிக்கலாம். அப்ப நீங்க அவரோட காவலாள்தான்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. அக்கா பக்கம் நிக்கலாம். அப்ப அவங்க தயவுல இருக்கறவங்க. எது செஞ்சாலும் பின்னாடி ஒரு நாள் 'எங்க நிலம்'னு வாய் திறக்க முடியாது."

"மூணாவது?"

"ரெண்டு பேருக்கும் எதிரா நிக்கறது. 'இது உங்க ரெண்டு பேரோடதும் இல்ல, எங்களோடது'ன்னு."

ரோசமேல் தொப்பியை மடியில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தான். "செனோரித்தா, இதெல்லாம் வேண்டாம். என் தம்பிக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் இடம் இருக்கு. பலகை வீடுதானே, அடியில மரத்தக் குடுத்து, ஆறு ஜோடி மாடு பூட்டி இழுத்தா ஒரே நாள்ல அங்க கொண்டுபோய் வச்சுரலாம். எங்க ஊர்ல வீடு நகர்றது புதுசில்ல. நிலத்துக்கு அவங்க அடிச்சுக்கட்டும்."

"இழுத்துட்டா அந்தத் துண்டுல உங்களுக்கு என்ன மிஞ்சும்?"

"கிழங்குக் காடு."

"அதுவும் மிஞ்சாது. இருபத்து மூணு வருஷம் அங்க இருந்தீங்கங்கறதுக்கு முதல் சாட்சியே அந்த வீடுதான். அத இழுத்துட்டுப் போனா நீங்களே விட்டுக்குடுத்துட்டீங்கன்னு எழுதிருவாங்க."

"அப்ப இருக்கவும் முடியாது, போகவும் முடியாது."

"இருக்கலாம், தோன் ரோசமேல். ஆனா வாயத் திறந்துக்கிட்டு இருக்கணும்."

ரோசமேல் ஜன்னலைப் பார்த்தான். "ஃபிதேலியா லாஞ்சுல என்ன ஏத்தின அன்னிக்கு நான் செத்திருந்தா இந்தத் தொல்லை இல்ல" என்றான்.

"செத்திருந்தா நான் ஒத்தையா வந்து இங்க உக்காந்திருப்பேன். பேனாவக் குடுங்க, செனோரித்தா" என்றாள் நோல்ஃபா.

அவள் முதலில் போட்டாள். ரோசமேல் வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுத்தெழுத்தாகத் தன் பேரை எழுதினான்.

மனுவின் நகல் மேட்டுக்கும் கடைக்கும் போய்ச் சேர்ந்த வாரத்திலிருந்து லிங்குவே வேறு ஊராகிவிட்டது. யாரும் திட்டவில்லை, கல்லெறியவில்லை. ஃபிதேலியாவின் கடையில் ஆளுயரத்துக்கு மூட்டை அடுக்கியிருந்தது.

"மாவு இல்ல" என்றாள் அவள்.

"அது என்ன, சிமெண்டா?" என்று கேட்டாள் நோல்ஃபா.

"மத்தவங்களுக்குச் சொல்லி வச்சது."

"மிர்த்தா கூப்பிட்டாளா?"

"தொலைபேசி கோளாறு."

நோல்ஃபா நிற்கும்போதே அது மணியடித்தது. ஃபிதேலியா எடுக்கவில்லை. இருவரும் அது அடித்து ஓயும் வரை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஏப்ரலில் கிழங்கு தோண்ட யாரும் வரவில்லை. ஒருவர் காட்டில் எல்லாரும் தோண்டி, அன்றைக்கு அந்த வீட்டில் எல்லாரும் தின்று, மறுநாள் அடுத்த காட்டுக்குப் போவதுதான் அங்கே முறை. நோல்ஃபா வழக்கம்போல இருபது பேருக்கு ஆட்டுக்கறிச் சாறு வைத்துவிட்டுக் காத்திருந்தாள். மேட்டுப் பாதையில் எவாரிஸ்தோவின் காட்டுக்குப் போகிறவர்கள் முகத்தைக் காற்றுக்குத் திருப்பிக்கொண்டு போனார்கள். சாற்றை மூன்று நாள் இருவருமே சூடாக்கிக் குடித்தார்கள். ரோசமேல் செத்த காலைப் பின்னால் போட்டு, முட்டி போட்டுக்கொண்டே சால் சாலாகத் தோண்டினான். மழை விட்டு விட்டுப் பெய்தது. ஈர மண் கிழங்கோடு சேர்ந்து வந்தது, ஒவ்வொன்றையும் கையால் வழிக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் ஓடைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஒத்தீலியா வந்து சேர்ந்தாள். குட்டையான, அகலமான பெண். கையில் சொந்த மண்வெட்டி.

"முதுகுவலிக்கு நடக்கச் சொல்லியிருக்காரு டாக்டர்" என்றாள்.

"மண்வெட்டியோடயா நடக்கச் சொன்னாரு?"

"கையும் வலிக்குதுன்னு சொன்னேன்."

அன்று முழுக்க அவள் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வருடத்துக் கிழங்கின் சொரியைப் பற்றி, தன் பன்றியின் குட்டிகளைப் பற்றிப் பேசினாள். வெளிச்சம் மங்குவதற்கு முன் மண்வெட்டியை ஓடையில் கழுவி, ஈரம் தெரியாமல் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனாள்.

செப்டம்பரில் நீதிபதி எல்லாரையும் சமாதானப் பேச்சுக்கு வரச் சொன்னார். தீவிலிருந்து பட்டணத்துக்கு அர்த்தெமியோவின் லாஞ்சை விட்டால் வேறு வழி இல்லை. ஃபிதேலியாவின் லாஞ்சு அந்த வருடம் பழுதாகிக் கரையேறியிருந்தது. எனவே வாதி, பிரதிவாதி, மூன்றாம் தரப்பு எல்லாம் ஒரே கூரைக்கு அடியில் இரண்டரை மணி நேரம் போக வேண்டியிருந்தது. நோல்ஃபா ஏறியபோது எவாரிஸ்தோவும் ஃபிதேலியாவும் முன்பக்கத்துப் பலகையில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். ஃபிதேலியா ஒரு துணி முடிச்சை அவிழ்த்துத் தம்பிக்கு அவித்த முட்டை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது வருடத்துப் பகையை முட்டையோடு தின்கிறவர்களைப் பார்த்ததும் நோல்ஃபா கடைசிப் பலகையில் போய் உட்கார்ந்தாள். ரோசமேல் அவள் காதில், "நல்லதுதானே, சமாதானம் ஆயிட்டாங்க" என்றான்.

"யாரு செலவுல ஆனாங்கன்னு போய்த்தான் தெரியும்" என்றாள் அவள்.

போய்த் தெரிந்தது. இனியும் இழுத்தால் பக்கத்து வளைகுடாவுக்குப் போய்விடுவதாகக் கம்பெனி ஆகஸ்டில் சொல்லியனுப்பியிருந்தது. இரண்டு தரப்பு வக்கீல்களும் சேர்ந்து ஒரே தாளை நீட்டினார்கள். படகுத்துறை இருவருக்கும் பொது. எல்லைக் கோடு கருமுள் புதரிலிருந்து நேராகக் கடலுக்குப் போகிறது. இங்கிரித் வரைபடத்தைத் திருப்பி நோல்ஃபாவுக்குக் காட்டினாள். கோடு அவளுடைய அடுப்படி வழியாகப் போயிற்று. துண்டு நிலத்தில் குடியிருப்போர் மார்ச் கடைசிக்குள் வெளியேறுவர் என்று கீழே ஒரு வரி.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். களைத்த, மரியாதையான மனிதர்.

"செனோரா, இவங்க ரெண்டு பேரும் தங்களுக்குள்ள முடிச்சுக்கிட்டாங்க. உங்க கோரிக்கை ஒண்ணுதான் மிச்சம். வாபஸ் வாங்கறீங்களா?"

"வாங்கினா என்ன ஆகும்?"

"உங்களுக்கு வழக்கு இல்ல. வீட்டுக்குப் போகலாம்."

"எந்த வீட்டுக்கு, ஐயா?"

நீதிபதி கீழே குனிந்து அந்த ஒரு வரியை மறுபடி படித்தார்.

"வாங்கல" என்றாள் நோல்ஃபா.

அந்தக் கணத்தோடு வழக்கு அவளுடையதாயிற்று. ஒருவரை எதிர்த்து ஒருவர் நின்றவர்கள் அவளை எதிர்த்து ஒன்றாக நின்றார்கள். வெளியே படிக்கட்டில் எவாரிஸ்தோ அக்காவுக்குக் குடை பிடித்திருந்தார். ஃபிதேலியா திரும்பி, கோபமில்லாமல், உண்மையிலேயே புரியாதவள் போலக் கேட்டாள்:

"எங்க குடும்பத்துச் சண்டைக்குள்ள நீ ஏன் வந்த, நோல்ஃபா?"

"நான் வரல, தோன்யா. நீங்க அடிச்சுக்கிட்டது என் அடுப்படியில."

வழக்கு இனி சாட்சி விசாரணைக்குப் போகும் என்றாள் இங்கிரித். கிழவர் நிலத்தைக் கொடுத்ததை நேரில் பார்த்தவர்கள் வேண்டும், நோல்ஃபா வீட்டுச் சொந்தக்காரர்கள் கூடாது. நீதிமன்றம் நாள் குறித்ததும் ஐந்து நாளில் பெயர்ப் பட்டியல் கொடுத்தாக வேண்டும். அர்த்தெமியோ லாஞ்சின் எஞ்சினைத் துடைத்தபடி கேட்டுவிட்டு, "நான் எல்லாரையும் ஏத்துறவன். வேலி நின்னதப் பாத்தேன், நீங்க உழுததப் பாத்தேன். அதச் சொல்றேன். கிழவர் என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியாது. அப்ப நான் பால்குடி" என்றான். அன்று அங்கே நின்ற மற்றவர்கள் எல்லாரும் கோயிலுக்குப் பின்னால் புதைக்கப்பட்டிருந்தார்கள். உயிரோடு மிச்சம் எவாரிஸ்தோ ஒருவர். அப்போது புதுப்பெண்ணாக வந்திருந்த ஒத்தீலியா ஒருத்தி.

அக்டோபரில் ஒரு நாள் காலை கடல் வற்றியிருந்தபோது ஒத்தீலியாவே கூடையோடு பாறைக்கு வந்தாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து பாசி பிடுங்கினார்கள்.

"அந்தச் சிச்சாக் குடத்தத் தூக்கிட்டு வந்தது நான்தான்" என்றாள் ஒத்தீலியா, நிமிராமல். "கல்யாணம் ஆகி ஒரு மாசம். கிழவர் உங்க ஓட்டைப் படகுக்கு இத்தன நிலமா குடுக்கறாருன்னு வயிறெரிஞ்சேன். ஓடையிலேருந்து கருமுள் வரைக்கும். கைய நீட்டிக் காட்டினாரு. எங்க வீட்டுக்காரரும்தான் பக்கத்துல நின்னாரு."

"இத அங்க வந்து சொல்லுவீங்களா, கொமாத்ரே?"

"இங்க சொல்றேன்ல."

"இங்க கேக்கறது நண்டுதான்."

ஒத்தீலியா ஒரு கொத்தைப் பிடுங்கி, மணல் போக அலசி, கூடையில் போட்டாள். "நான் அந்த வீட்டுல படுத்து எந்திரிக்கணும், நோல்ஃபா. இத மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க." குரலை மாற்றிக்கொண்டு, "நாளைக்குப் பட்டணம் போறீங்கல்ல? ஒரு பொட்டலம் ஈஸ்ட் வாங்கிட்டு வாங்க. நாத்தனார் விக்கிற ஈஸ்ட் அவ மாதிரியே. மாவு எந்திரிக்கவே மாட்டேங்குது" என்றாள்.

மறுநாள் இங்கிரித் பேனாவோடு காத்திருந்தாள். அர்த்தெமியோவின் பெயருக்குக் கீழே இடம் காலியாக இருந்தது. நோல்ஃபா அந்த வெற்றிடத்தையே பார்த்தாள். பெயர் கொடுத்தால் நீதிமன்றத்து ஆள் தாளோடு மேட்டுக்குப் போவார். வரமாட்டேன் என்றால் போலீஸ் வந்து கூட்டிப்போகும். பிப்ரவரியில் தன் கையிலிருந்து சாக்கு நழுவியது அவளுக்கு நினைவிருந்தது.

"வேற யாரும் இல்லையா?" என்றாள் இங்கிரித்.

"இருக்காங்க."

"அவங்களா வருவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப அறிவிப்பு அனுப்பணும். அனுப்பட்டுமா?"

கணப்பில் மண்ணெண்ணெய் தீர்ந்து புகை நெடி அடித்தது. நோல்ஃபா பெயரைச் சொன்னாள். கணவன் பெயரில்லாமல், ஒத்தீலியா மான்சீயா என்று, அவள் தகப்பன் வழிப் பெயரோடு. இங்கிரித் எழுதி முடிக்க ஒரு நொடிதான் ஆயிற்று.

மறக்காமல் ஈஸ்ட் வாங்கினாள். லாஞ்சு வந்து சேரும்போது ஒத்தீலியா கரையில் கிளிஞ்சல் பொறுக்குகிறவள் போல நின்றிருந்தாள். பொட்டலத்தை வாங்கி முகர்ந்தாள். முகம் மலர்ந்தது.

"வியாழக்கிழமை சுடறேன். அவரு விறகுக்குப் போனதும் வாங்க, சூடா ரெண்டு எடுத்து வைக்கறேன்."

"கொமாத்ரே, உங்க பேரக் குடுத்துட்டேன்."

ஒத்தீலியா பொட்டலத்தை மடியில் சொருகினாள். வெளியே எடுத்தாள். மறுபடி சொருகினாள்.

"நான் கேக்காதீங்கன்னு சொன்னேனே."

"கேக்கல. கேக்காமயே குடுத்துட்டேன்."

"எனக்கு ஏன் இதச் செஞ்சீங்க?"

"வேற யாரும் உயிரோட இல்ல."

அவள் மேட்டுப் பாதையில் ஏறிப் போனாள். அந்த வியாழக்கிழமை நோல்ஃபா விதைக்கிழங்கு ஊன்றிக்கொண்டே மேட்டு வீட்டின் புகைபோக்கியைப் பார்த்தாள். நீதிமன்றத்து ஆள் போனார், வந்தார். எவாரிஸ்தோ வாசலில் நின்று கத்துவது தெரிந்தது. காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் சொல் எதுவும் கேட்கவில்லை. ரொட்டி வாசனையும் வரவில்லை.

சாட்சி நாளன்று எவாரிஸ்தோவும் ஃபிதேலியாவும் லாஞ்சின் முன்பலகையில் உட்கார்ந்தார்கள். நோல்ஃபாவும் ரோசமேலும் பின்னால். ஒத்தீலியா கடைசியாக ஏறி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நடுவில் எஞ்சின் பெட்டியின் மேல் போய் உட்கார்ந்தாள். இரண்டரை மணி நேரமும் அந்த அதிர்விலேயே இருந்தாள்.

நீதிமன்றத்தில் அவள் சொன்னது ஐந்தாறு வாக்கியம். குடம், ஓடை, கருமுள், கிழவரின் கை. எவாரிஸ்தோவின் வக்கீல், "செனோரா, உங்க புருஷனுக்கு விரோதமா எதுக்குச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

"விரோதமா சொல்லல. பாத்தியான்னு கேட்டாங்க. பாத்தேன்."

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. லிங்குவேயில் இறங்கியதும் எவாரிஸ்தோ அக்காவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, திரும்பிப் பாராமல் மேடேறினார். ஒத்தீலியா பத்தடி பின்னால் போனாள். மேட்டு வீட்டின் கதவு சாத்தும் சத்தம் கீழே கரை வரை கேட்டது. அடுப்பில் தண்ணீர் காயும் நேரம் அவள் அங்கே மூடிய கதவின் முன் நின்றிருக்க வேண்டும். பிறகு பாதையில் இறங்கி வருவது நோல்ஃபாவின் ஜன்னலில் தெரிந்தது.

தீர்ப்பு வர இன்னும் மாதங்கள் ஆகும் என்று இங்கிரித் சொல்லியிருந்தாள். எப்படி வரும் என்று அவள் சொல்லவில்லை. ரோசமேல் எழுந்து, மிர்த்தாவின் கட்டிலில் அடுக்கியிருந்த பாசிச் சாக்குகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்க ஆரம்பித்தான். நோல்ஃபா போய்க் கதவைத் திறந்தாள். ஒத்தீலியா மழையில் வாசலுக்கு வெளியே நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை. அடுப்படியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள்.

"அந்தக் கோடு எங்க போகுது?"

நோல்ஃபா அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே கையால் காட்டினாள்.

"அப்ப நான் இப்ப யாரு வீட்டுக்குள்ள வர்றேன்?"

"அது இன்னும் தெரியாது. உள்ள வாங்க, நனையறீங்க."

ஒத்தீலியா காலில் ஒட்டியிருந்த சேற்றை வாசல் கல்லில் நன்றாகத் தேய்த்துவிட்டு, முகம் கொடுக்காமல் அவளைத் தாண்டிப்போய் அடுப்போரம் உட்கார்ந்தாள்.